உழைப்பவர்களை ஓவியத்தில் படிப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

பாரிஸில் ஒரு பணக்கார வீடு. ஜன்னல் வழியாக வெளிச்சம் வருகிறது. சட்டை போடாத மூன்று பேர் முட்டி போட்டு மரத்தரையை இழைத்துக்கொண்டிருக்கிறார்கள். தரையெங்கும் மரச்சீவல் சுருள் சுருளாகக் கிடக்கிறது. வலப்பக்கம் ஒரு வைன் பாட்டில், பக்கத்தில் ஒரு கண்ணாடி டம்ளர். குஸ்தாவ் கெய்பாட் 1875-ல் வரைந்த படம் இது. இப்போது பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எங்கள் வீட்டுக் கதவைச் சரிசெய்ய வந்த ஆசாரியிடம் ஒருநாள் இந்தப் படத்தைப் போனில் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "சீவல் அறுந்துபோகாம நீளமா சுருளுது பாருங்க சார், இழைப்புளி நல்லா தீட்டியிருக்கு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "இந்த வேலைல கை போகாது, முட்டிதான் போகும்." அதுவரை நான் அந்தப் படத்தைப் பத்து தடவையாவது பார்த்திருப்பேன். வெளிச்சம் எவ்வளவு அழகு என்றுதான் பார்த்தேனே தவிர, முட்டி என் கண்ணில் படவே இல்லை.

அன்றாட வாழ்க்கையைக் காட்டும் இப்படிப்பட்ட ஓவியங்களை ஐரோப்பியர்கள் 'ஜான்ர்' ஓவியம் என்பார்கள். கடவுளும் அரசனும் போர்க்களமும் இவற்றில் வருவதில்லை. சமையல்கட்டு, வயல், சந்தை, பட்டறைதான் வரும். எழுதத் தெரியாதவர்கள், தெரிந்திருந்தாலும் எழுத நேரமில்லாதவர்கள் எப்படி உழைத்தார்கள் என்று அறிய நமக்குக் கிடைக்கும் சில சாட்சிகளில் இவையும் ஒன்று. ஆனால் இந்தச் சாட்சிக்கு யாரோ பணம் கொடுத்திருக்கிறார்கள். அதை மறக்காமல் குறுக்கு விசாரணை செய்வது எப்படி என்பதை என் பழக்கத்திலிருந்து சொல்கிறேன்.

1. பெரிய படத்தை எடுங்கள், குறிப்பை மூடுங்கள்

வாட்ஸ்அப்பில் வரும் அளவு போதாது. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகமும் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமும் காப்புரிமை இல்லாத தங்கள் ஓவியங்களை உயர்தர அளவில் இலவசமாகவே தருகின்றன. வியன்னாவின் கலை வரலாற்று அருங்காட்சியகம் தன்னிடம் உள்ள, 16-ம் நூற்றாண்டு ஓவியர் புரூகலின் படங்களைத் தூரிகைக் கோடு தெரியும் அளவுக்கு இணையத்தில் போட்டிருக்கிறது. விக்கிமீடியா காமன்ஸிலும் நல்ல பிரதிகள் உண்டு.

முதல் 10 நிமிடம் விளக்கக் குறிப்பைப் படிக்காதீர்கள். தலைப்பையும் நம்ப வேண்டாம். 17-ம் நூற்றாண்டு டச்சு ஓவியர் வெர்மீரின் 'பால்காரி' என்று உலகமே அழைக்கும் படத்தில் இருப்பவர் பால்காரியே இல்லை. மாடு கறக்காத, வீட்டில் சமையல்வேலை செய்யும் பெண். ஓவியங்களின் பெயரைப் பெரும்பாலும் பின்னால் வந்தவர்கள்தான் வைத்தார்கள்.

2. முகத்தை விட்டுவிட்டுக் கையிலிருந்து தொடங்குங்கள்

நம் கண் தானாக முகத்துக்குத்தான் போகும். அதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். சோகம், பணிவு, திருப்தி எல்லாம் ஓவியர் பூசிய பூச்சாக இருக்கலாம். கருவியை ஏந்தியிருக்கும் கையில் அவ்வளவு எளிதாகப் பொய் சொல்ல முடியாது. தப்பாகப் பிடித்திருந்தால் அந்த வேலை தெரிந்தவர் பார்த்த உடனே சிரித்துவிடுவார்.

வெர்மீரின் அந்தப் பெண்ணையே எடுத்துக்கொள்வோம். 1660 வாக்கில் வரைந்தது. நீளமும் அகலமும் அரை மீட்டர்கூட வராத சின்னப் படம். சட்டைக்கையை மேலே தள்ளிவிட்டிருக்கிறார். வேலைபட்டு மணிக்கட்டும் கையும் சிவந்திருக்கின்றன. துணி மூடியிருந்த இடம் மட்டும் வெளுத்திருக்கிறது. ஒரு கை ஜாடியின் பிடியில், இன்னொரு கை அடியில் தாங்க, பால் நூல் மாதிரி இறங்குகிறது. அவசரமாக ஊற்றினால் இப்படி இறங்காது. மேசையில் கூடையிலும் வெளியிலும் உடைந்த ரொட்டித் துண்டுகள். காய்ந்த ரொட்டியை வீணாக்காமல் பாலில் ஊறவைத்து இனிப்புக் களி மாதிரி ஏதோ செய்கிறார் என்பது பல ஆய்வாளர்களின் கணிப்பு. நம் வீடுகளில் மீந்த சோற்றுக்கு ஒரு வழி செய்வார்களே, அதே கணக்கு.

சுவரையும் பாருங்கள். ஓர் ஆணி, அதன் நிழல், முன்பு அடித்துப் பிடுங்கிய ஆணிகளின் ஓட்டைகள். ஜன்னலில் ஒரு கண்ணாடி உடைந்திருக்கிறது. தரையில் கால் சூடேற்றும் சின்ன மரப்பெட்டி. குளிர்நாட்டு அடுக்களைக்கு வேண்டிய பொருள்தான். பக்கத்தில் சுவரடியில் பதித்த ஓடு ஒன்றில் மன்மதன் உருவம் வேறு! இதைப் பற்றிப் பின்னால் பேசுவோம்.

3. உடம்பு என்ன செய்கிறது?

ஒரு வேலையில் எந்த நிமிடத்தை ஓவியர் எடுத்துக்கொண்டார் என்று கேளுங்கள். பிரெஞ்சு ஓவியர் மிலேயின் 'கதிர் பொறுக்கும் பெண்கள்' (1857) படத்தில் மூன்று பெண்கள். ஒருவர் குனிகிறார், ஒருவர் பொறுக்குகிறார், மூன்றாமவர் பாதி நிமிர்ந்திருக்கிறார். ஒரே வேலையின் மூன்று கட்டத்தை மூன்று உடம்புகளில் பிரித்து வைத்திருக்கிறார். அந்த மூன்றாவது பெண் முழுசாக நிமிரவில்லை என்பதுதான் விஷயம். நாற்று நட்டவர்களுக்கோ களை பறித்தவர்களுக்கோ அந்த அரைநிமிர்வை விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு பிரெஞ்சு ஓவியர் டெகா 1880-களில் வரைந்த இஸ்திரி போடும் பெண்களில் ஒருவர் இரண்டு கையாலும் பெட்டியை அழுத்துகிறார். இன்னொருவர் பாட்டிலைப் பிடித்தபடி வாய் திறந்து கொட்டாவி விடுகிறார். கொட்டாவியை வரலாற்று ஆவணமாக யாரும் எண்ண மாட்டார்கள். ஆனால் சூடான அறையில் நாள் முழுக்க நின்ற உடம்பைப் பற்றி எந்தக் கூலிக் கணக்கும் இப்படிச் சொல்லாது.

4. பின்னணிக்குப் போங்கள், ஓரத்துக்குப் போங்கள்

முன்னால் இருப்பவர்களைப் பற்றிய உண்மை பல சமயம் பின்னால்தான் இருக்கும். மிலேயின் படத்தில் பின்புறம் அறுவடை மலைபோல் குவிந்திருக்கிறது. வலப்பக்கம் தூரத்தில் குதிரைமேல் ஒரு மேற்பார்வையாளர். அறுப்பு முடிந்த வயலில் சிந்திய கதிரைப் பொறுக்கிக்கொள்ளலாம் என்பது ஏழைகளுக்கு விடப்பட்ட பழைய உரிமை. குவியலுக்கும் மூன்று பெண்களின் கைப்பிடிக்கும் நடுவில் ஒரு குதிரை நிற்கிறது. மேல்தட்டு விமர்சகர்கள் அன்று இந்தப் படத்தைப் பார்த்துக் கலவரப்பட்டதில் ஆச்சரியம் இல்லை.

ரஷ்ய ஓவியர் இல்யா ரெபின் 1870 முதல் 1873 வரை வரைந்த 'வோல்கா படகிழுப்பவர்கள்' இன்னும் தெளிவான உதாரணம். 11 ஆட்கள் மார்பில் வார்ப்பட்டை மாட்டி, கரையோரமாக ஒரு படகை இழுத்துக்கொண்டு போகிறார்கள். தொடுவானத்தில், தேடினால்தான் தெரியும், ஒரு நீராவிக் கப்பலின் புகை. மாடுபோல் மனிதர் இழுக்கும் இந்தத் தொழிலுக்கு முடிவு நெருங்கிவிட்டது. இழுப்பவர்களுக்கு முதுகுப்பக்கம் அது வருகிறது. படகின் கொடி தலைகீழாகப் பறக்கிறது என்பதையும் பலர் கவனித்திருக்கிறார்கள்.

புரூகலின் 'அறுவடைக்காரர்கள்' (1565) படத்தில் கோதுமையின் உயரத்தைப் பாருங்கள். பயிருக்கு நடுவில் ஒற்றையடிப் பாதையில் சாடிகளோடு வருபவர் கிட்டத்தட்டத் தோள்வரை மறைந்துபோகிறார். இன்றைய குட்டை ரகங்கள் இடுப்பைத் தாண்டாது. அந்தக் காலத்துத் தாள் அவ்வளவு உயரம். கூரைக்கும் படுக்கைக்கும் மாட்டுக்கும் பயன்பட்டது. பயிர் வரலாற்று ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட ஓவியங்களை உண்மையாகவே எடுத்துவைத்துப் பார்க்கிறார்கள். மரத்தடியில் கால் பரப்பித் தூங்கும் ஆளை எல்லோருக்கும் பிடிக்கும். எனக்கும்தான்.

சரி, ஓவியர்களும் தப்பு விடுவார்கள். அதே புரூகலின் 'குடியானவர் கல்யாணம்' படத்தில் கதவைக் கழற்றித் தட்டாக்கி, அதில் கூழ்க்கிண்ணங்களை இருவர் தூக்கி வருகிறார்கள். அந்தக் கதவுக்கு அடியில் கால்களை எண்ணினால் ஒன்று அதிகமாகத் தெரியும். 450 வருடமாக எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் சுவரில் மாட்டிய கதிர்க்கட்டுகளும் கழற்றிய கதவும் சொல்வது பொய்யாகிவிடாது: அறுப்பு முடிந்து கையில் தானியம் இருக்கும்போது நடக்கும் கல்யாணம், இருப்பதை வைத்துச் சமாளிக்கும் வீடு.

5. யார் வாங்கினார்கள்?

இந்தப் படியைத் தவிர்த்தவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். படத்தில் இருப்பவர்கள் அந்தப் படத்தை வாங்கவில்லை. புரூகலின் அறுவடைக்காரர்கள் நிக்லாஸ் யோங்கலிங்க் என்ற ஆண்ட்வெர்ப் வணிகருக்காக, வருடத்தின் மாதங்களைக் காட்டி வரைந்த வரிசைப் படங்களில் ஒன்று. அவர் 1566-ல் தன்னிடமிருந்த 16 புரூகல் படங்களை ஒரு கடனுக்குப் பிணையாக வைத்தார். மரத்தடியில் தூங்குபவரின் தூக்கமும் அந்தப் பிணையில் போயிற்று.

ரெபினின் படத்தை வாங்கியவர் ஜார் குடும்பத்து இளவரசர் விளாதிமிர். அவர் அரண்மனையின் பில்லியர்ட்ஸ் அறையில் அது தொங்கியது. முதலில் நதிக்கரையில் உல்லாசமாக இருந்த பெண்களையும் படகிழுப்பவர்களையும் ஒரே படத்தில் போட நினைத்தாராம் ரெபின். அது வலிந்து சொல்வதாக இருக்கும் என்று நண்பர் வாசிலியெவ் தடுத்த பிறகுதான் வோல்காவுக்குப் போய், அந்த ஆட்களோடு பழகி, காசு கொடுத்து உட்காரவைத்து வரைந்தார். முன்வரிசையில் வரும் கானின் முன்பு பாதிரியாராக இருந்து நீக்கப்பட்டவர். ஆக, தெருவில் நடந்துபோகும்போது எடுத்த போட்டோ மாதிரி இல்லை இது. மூன்று வருடம் யோசித்து அடுக்கியது. அடுக்கியதாலேயே பொய்யும் இல்லை.

வாங்குபவரின் ரசனை படத்துக்குள் நுழைந்துவிடும். வெர்மீர் படத்தில் ஓட்டின்மேல் பார்த்த அந்த மன்மதனை இப்போது எடுத்துக்கொள்ளலாம். 17-ம் நூற்றாண்டு டச்சு வாங்குபவர்களுக்கு வேலைக்காரப் பெண் என்றாலே காதல் கிசுகிசு. அப்படிப்பட்ட படங்கள் ஏராளம். வெர்மீர் அந்தக் கேலியை ஒரு சின்ன ஓட்டின் அளவுக்குச் சுருக்கிவிட்டார் என்று நான் வாசிக்கிறேன். பிரான்சின் லெ நேன் சகோதரர்கள் 1640-களில் வரைந்த குடியானவக் குடும்பத்தில் பையன் வெறுங்காலோடு இருக்கிறான், பாட்டியோ காம்பு வைத்த வைன் கோப்பையை ஏந்தியிருக்கிறார். பரம ஏழைகளா, ஊரில் கொஞ்சம் வசதியானவர்களா, இல்லை தேவாலயத்து ரொட்டி-வைன் குறிப்பா? இன்னும் சண்டை ஓயவில்லை. இப்படிப் பொருந்தாத பொருள் கண்ணில் பட்டால் விட்டுவிடாதீர்கள். அதைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள்.

6. வண்ணத்துக்கு அடியில்

எக்ஸ்-ரேயும் அகச்சிவப்புப் படமும் வந்தபின் இந்த வேலை சுவாரசியமாகிவிட்டது. 2022-ல் ரைக்ஸ் அருங்காட்சியகம் வெர்மீரின் படத்தை ஆராய்ந்தபோது, பெண்ணின் தலைக்குப் பின்னால் ஜாடிகளைத் தொங்கவிடும் பலகை ஒன்றும், கால் சூட்டுப்பெட்டி இருக்கும் இடத்தருகே துணி உலர்த்தும் நெருப்புக்கூடை ஒன்றும் அடியில் தெரிந்தன. வரைந்துவிட்டு அவரே மூடிவிட்டார்.

இதைப் படித்த அன்று எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது. அந்த வெறும் சுவரின் அமைதியை எவ்வளவு பேர் 'எளிமையான உழைக்கும் வாழ்க்கை' என்று புகழ்ந்திருக்கிறார்கள்! உண்மையான அடுக்களை அப்படியா இருக்கும்? சாடி, கூடை, ஈரத்துணி என்று நெரிசலாகத்தான் இருந்திருக்கும். படத்தில் எதுவும் இல்லாத இடத்தைப் பார்த்தால், அங்கே ஒன்றுமே இருந்ததில்லை என்று எழுதிவிடாதீர்கள்.

7. காகிதங்களோடு ஒத்துப்பாருங்கள்

ஓவியம் பெயர் சொல்லாது. வழக்குப் பத்திரம் சொல்லும். வெர்மீர் தன் மாமியார் வீட்டில் குடியிருந்தார். அங்கே வேலை செய்த பெண்ணின் பெயர் டன்னெக்கெ எவர்பூல் என்று 1660-களின் பத்திரப் பதிவு ஒன்றிலிருந்து தெரிகிறது. அந்த வீட்டு மகன், கர்ப்பிணியாக இருந்த தன் சகோதரியை, அதாவது வெர்மீரின் மனைவியை, தடியால் தாக்க வந்ததையும் தான் குறுக்கே போய்த் தடுத்ததையும் அவர் சாட்சி சொல்லியிருக்கிறார். படத்தில் பால் ஊற்றுபவர் அவர்தான் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் 'வேலைக்காரி' என்ற ஒரு சொல்லுக்குள் பாலும் ரொட்டியும் மட்டுமா இருந்தன என்று அந்தச் சாட்சியம் கேட்கவைக்கிறது.

இறந்தவர்களின் வீட்டுச் சாமான் பட்டியல், கூலிக் கணக்கு, நீதிமன்றச் சாட்சியம், அருங்காட்சியகத்தில் இருக்கும் பழைய கருவி, இவற்றில் ஏதாவது ஒன்றாவது கையில் இல்லாமல் ஓவியத்திலிருந்து பெரிய முடிவுக்குப் போகாதீர்கள்.

8. நம் ஊர்ப் படங்களில் பழகுங்கள்

ஐரோப்பாவிலேயே நிற்க வேண்டியதில்லை. 18-ம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலிருந்து தஞ்சாவூர் ஓவியர்கள் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளுக்காக வரைந்த தொழில் வரிசைப் படங்கள் லண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் நிறைய இருக்கின்றன. கம்பெனி ஓவியம் என்று இவற்றுக்குப் பெயர். திருச்சியில் 19-ம் நூற்றாண்டில் காக்காப்பொன் (மைக்கா) தகட்டின்மேல் இதே மாதிரிச் சின்னச் சின்னப் படங்கள் வரைந்து விற்றார்கள். பாட்னாவிலும் இதுபோல ஒரு வழக்கம் செழித்தது. அங்கே சேவக் ராம் பெயர்பெற்றவர்.

தஞ்சாவூர் வரிசையின் அமைப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான்: ஒரு கணவன், ஒரு மனைவி, எதிரெதிரே அல்லது பக்கம் பக்கமாக நிற்பார்கள். கையில் தொழிலுக்கான கருவியோ விற்கும் பொருளோ இருக்கும். பின்னணி வெறுமையாக, மிஞ்சினால் ஒரு துண்டு தரையும் வானமும். பல தொகுப்புகளில் சாதியோ தொழிலோ எழுதியிருக்கும்.

மேலே சொன்ன படிகளை இங்கே போட்டுப் பாருங்கள். கருவி, கட்டியிருக்கும் துணியின் மடிப்பு, காதிலும் கழுத்திலும் இருக்கும் நகை, பானையின் வடிவம், சுமை இடுப்பிலா தலையிலா என்பது: இவை பெரும்பாலும் நம்பத்தக்கவை. வரைந்தவர் அதே தெருக்களில் நடந்தவர். கள் இறக்குபவர் படத்தில் கத்தியையும் குடுவையையும் எப்படி மாட்டியிருக்கிறார் என்று பார்த்தால் பனையேறிகள் இன்றும் பேசுவதற்கு விஷயம் இருக்கும்.

நிற்கும் விதத்தை மட்டும் நம்பாதீர்கள். வேலை செய்யும்போது யாரும் இப்படிச் சுத்தமாக, அசையாமல், மனைவியோடு ஜோடியாக நிற்பதில்லை. வியர்வை இல்லை, பட்டறை இல்லை, குத்தகைக்காரரோ வரி வசூலிப்பவரோ பக்கத்தில் இல்லை. ஒரு சாதிக்கு ஒரு தொழில், ஒரு தொழிலுக்கு ஒரு ஜோடி என்று ஆல்பத்தில் ஒட்டி ஊருக்கு எடுத்துப்போக வந்தவருக்கு அதுதான் வசதி. விதை விதைக்கும் மாதத்தில் வயலுக்கும் மற்ற மாதத்தில் தறிக்கும் போன ஆளை இந்த வரிசையில் எங்கே வைப்பது? கட்டமே கிடையாது. படம் வரைந்தவர் உழைப்பாளிதானே என்றும் தோன்றும். ஒரே ஜோடியைத் தொகுப்புக்குத் தொகுப்பு திரும்பத் திரும்ப நகலெடுத்த அவர் கையும் வலித்திருக்கும். அவர்களில் மிகப் பெரும்பாலோரின் பெயர் படத்தில் இல்லை.

9. குறிப்பை மூன்று பத்தியாக எழுதுங்கள்

ஒரு தாளை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதலில் 'கண்ணால் பார்த்தது', அடுத்து 'நான் ஊகித்தது', மூன்றாவது 'யாரைக் கேட்க வேண்டும்'. இந்த மூன்றும் கலந்துவிடுவதுதான் கலைக் கட்டுரைகளின் தீராத வியாதி. முதல் பத்தியில் 'சோகமான', 'கம்பீரமான' போன்ற சொல் வந்தால் அடித்துவிட்டு இரண்டாவதுக்கு மாற்றுங்கள்.

கெய்பாட் படத்துக்கு என் தாள் இப்படி இருக்கிறது. பார்த்தது: மூன்று ஆண்கள், இரண்டு பேர் தலை ஒருவர் பக்கம் ஒருவர் சாய்ந்திருக்கிறது, இடப்பக்கத்தவர் கையை நீட்டுகிறார், தரையில் இழைத்த பட்டையும் இழைக்காத கறுப்புப் பட்டையும் மாறி மாறி, சுவரில் அலங்கார வேலைப்பாடு, ஜன்னலுக்கு வெளியே இரும்புக் கிராதி. ஊகித்தது: அந்த இருவரும் பேசிக்கொள்கிறார்கள். நாம் பார்க்கும் கோணம் மேலிருந்து கீழே. அதாவது நின்றுகொண்டிருப்பவரின் கண். ஓவியர் வசதியான குடும்பத்துப் பிள்ளை, இது அவர்கள் வீட்டுத் தரை என்பது பரவலான கருத்து. அப்படியானால் பார்த்துக்கொண்டு நிற்பது கூலி கொடுப்பவர். 1875-ன் அரசுக் கண்காட்சிக்கு இந்தப் படத்தை நடுவர்கள் சேர்க்கவில்லை. மறுவருடம் இம்ப்ரெஷனிஸ்டுகள் என்ற புதுப்பாணி ஓவியர்களின் கண்காட்சியில்தான் அது வெளியே வந்தது. நகரத்துக் கூலியாள் வெற்றுடம்போடு படத்தில் வருவது அன்று அவ்வளவு புதிது.

மூன்றாவது பத்தியில் பாதி, ஆசாரி கேட்ட கேள்விகள். அந்த ஆள் கையை நீட்டுவது எதற்கு, அரம் எடுக்கவா? வேலை நாள் கணக்கா, சதுர அடிக் கணக்கா? கிளம்பும்போது கதவை இரண்டு தரம் திறந்து மூடிப் பார்த்துவிட்டு மறுபடி போனை வாங்கினார்.

"அந்த பாட்டில்ல என்ன சார்?"

"வைன்."

"ஒரு கிளாஸ்தான் இருக்கு. ஆள் மூணு பேரு."

அதுவும் மூன்றாவது பத்தியில் ஏறியிருக்கிறது.